‘பாம்பே டக்’கும் ‘பம்மலோ’வும்: ஒரு மீன் பெயரின் வரலாறு

இந்தக் கட்டுரை ஒரு கடனைத் தீர்ப்பதற்காக எழுதப்படுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் பிள்ளைகளுக்கான வினாடி வினாவை நடத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. “பாம்பே டக் என்பது என்ன?” என்று கேட்டேன். பாதிப் பிள்ளைகள் வாத்து என்றார்கள், மீதிப் பேர் மீன் என்றார்கள். மீன் என்றவர்களுக்கு மதிப்பெண் போட்டுவிட்டு, கையோடு அந்தப் பெயர் வந்த கதையையும் சொன்னேன். அந்தக் காலத்தில் பம்பாயிலிருந்து கல்கத்தாவுக்குப் போன தபால் ரயிலில் இந்தக் கருவாட்டை மூட்டை மூட்டையாக ஏற்றுவார்கள், வண்டி முழுக்க நாற்றமடிக்கும், தபாலுக்கு இந்தியில் ‘டாக்’ என்று பெயர், ‘பாம்பே டாக்’ வெள்ளைக்காரன் வாயில் ‘பாம்பே டக்’ ஆகிவிட்டது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். சபையில் நல்ல கைதட்டல்.

விழா முடிந்து சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பக்கத்தில் வந்தான். “மாமா, ரயில் வர்றதுக்கு முன்னாடி அந்த மீனுக்கு இங்கிலீஷ்ல பேரே கிடையாதா?” என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. “இருந்திருக்கும்டா, பார்த்துச் சொல்றேன்” என்று சமாளித்தேன். பார்த்தேன். பார்த்த பிறகுதான் நான் மேடையில் சொன்னது அத்தனையும் தப்பு என்று புரிந்தது. அந்தப் பையன் இப்போது படித்து முடித்து வேலைக்கே போய்விட்டான். அவனுக்கும் அன்று கைதட்டிய மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டிய பதிலை இந்த மலரில் எழுதிவிடுகிறேன்.

மீனும் அதன் கரையும்

நான் தூத்துக்குடிக்காரன். நெத்திலி, சாளை, வாளை என்று கருவாட்டு வாசனையில் வளர்ந்தவன். ஆனாலும் பம்பாய்க்கு வந்த பிறகுதான் இந்த மீனை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன். அதற்குக் காரணம் என் அறியாமை மட்டுமல்ல. இந்த மீனின் வாழ்விடமே அப்படி. மேற்கே குஜராத், மகாராஷ்டிரக் கடலில் ஏராளமாகக் கிடைக்கிறது. கிழக்கே வங்காளம், ஒரிசா, ஆந்திராவின் வடகரை ஆகிய இடங்களில் மறுபடியும் ஏராளமாகக் கிடைக்கிறது. நடுவில் கேரளம், தமிழ்நாடு என்று நீண்டு கிடக்கும் தென்கரையில் மிக அரிது. இப்படி இரண்டாகப் பிரிந்து கிடக்கும் விந்தை மீனியல் அறிஞர்களை நெடுநாள் யோசிக்க வைத்திருக்கிறது. சுந்தர்லால் ஹோரா 1934-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் இந்த மீனின் அலைச்சலைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்.

மராத்தியில் இதன் பெயர் ‘போம்பில்’. குஜராத்தியில் ‘பூம்லா’. பார்சிக்காரர்களிடையே ‘பூம்லா’ என்று குடும்பப் பெயரே உண்டு. வங்காளத்தில் ‘லோட்டே’ என்றும் ‘லொய்ட்டா’ என்றும் சொல்வார்கள். ஒரு சாண் நீளத்திலிருந்து ஒன்றரைச் சாண் வரை இருக்கும். உடம்பு வெளிறிப்போய்க் கூழ் மாதிரி கொழகொழவென்று இருக்கும். எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். வாய் மட்டும் அகலமாகப் பிளந்து, உள்ளே ஊசி ஊசியாகப் பல். அறிவியல் பெயரான ‘ஹார்ப்படான் நெஹெரியஸ்’ என்பதில் முதற்பாதிக்குக் கொக்கிப்பல் என்று பொருள்.

இதைப் பிடிப்பவர்கள் கோலிகள். ஏழு தீவாக இந்த ஊர் கிடந்த காலத்திலிருந்தே இங்கே இருக்கும் மீனவ மக்கள். கடலுக்குள் மரத்தூண்களை நட்டு, அவற்றில் பை மாதிரி நீண்ட ‘டோல்’ வலையைக் கட்டி, நீரோட்டத்துக்கு எதிராக வாயைத் திறந்து வைத்துவிடுவார்கள். ஓட்டத்தோடு வரும் மீன் பைக்குள் போய்ச் சேரும். தண்ணீர் மிகுந்த மீன் என்பதால் பிடித்த கொஞ்ச நேரத்திலேயே கெட்டுவிடும். உடனே தின்னவேண்டும், இல்லாவிட்டால் காய வைக்கவேண்டும். நம் ஊர்க் கருவாடு போல உப்பு போட்டு இதைப் பதப்படுத்துவதில்லை. கரையில் மூங்கில் நட்டு, வரிசை வரிசையாகக் கயிறு கட்டி, இரண்டிரண்டு மீனாக ஒன்றின் தாடையை மற்றதன் தாடைக்குள் கோத்து, கொடியில் துணி காயப்போடுவதுபோலத் தொங்கவிடுவார்கள். வெயிலும் கடற்காற்றும் சேர்ந்து சில நாளில் குச்சியாக்கிவிடும். வெர்சோவா, வசாய், சாத்பாட்டி பக்கம் போனவர்கள் பார்த்திருக்கலாம்.

மழைக்காலத்தில் படகு கடலுக்குப் போகாது. அந்த மாதங்களில் ஏழை வீட்டுச் சோற்றுக்குத் துணை இந்தக் காய்ந்த போம்பில்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஏட்டில் ஏறிய முதல் பெயர்

ஆங்கிலத்தில் இந்த மீனுக்கு இரண்டு பெயர். ஒன்று எல்லோருக்கும் தெரிந்த ‘பாம்பே டக்’. மற்றொன்று ‘பம்மலோ’. இரண்டாவதை இன்று ஆங்கிலேயர்களிலேயே பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அகராதியிலும் மீனியல் நூல்களிலும் மட்டும் வாழ்கிற சொல். ஆனால் மூத்தது இதுதான். பையன் கேட்ட கேள்விக்கு நேரான பதிலும் இதுதான்.

ஜான் ஃபிரையர் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர். 1673-ல் மசூலிப்பட்டினத்தில் வந்து இறங்கி, சென்னையையும் பார்த்துவிட்டு, மேற்குக் கரையைச் சுற்றிப் பம்பாய் வந்து சேர்ந்தார். கம்பெனியின் கைக்கு இந்தத் தீவு வந்து ஐந்து ஆண்டுதான் ஆகியிருந்த நேரம். 1698-ல் அச்சான அவருடைய பயண நூலில் மஜகாவ் என்ற மீன்பிடி ஊரைப் பற்றி ஒரு குறிப்பு வருகிறது. அந்த ஊர் ‘பம்பெலோ’ என்ற மீனுக்குப் பேர்போனது என்றும், ஏழைகளின் உணவு அதுவே என்றும் எழுதியிருக்கிறார். இன்று மஜகாவில் கப்பல் கட்டும் தளம் இருக்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் இந்தக் குறிப்பு எனக்கு ஞாபகம் வரும். ஆங்கில ஏட்டில் இந்த மீன் ஏறும்போதே ‘ஏழைகளின்’ என்ற அடைமொழியோடுதான் ஏறியது.

அடுத்த செய்தி ஸ்காட்லாந்திலிருந்து வருகிறது. ஆங்கில அகராதி செய்த டாக்டர் ஜான்சனை அவருடைய நண்பர் பாஸ்வெல் 1773-ல் ஸ்காட்லாந்துச் சுற்றுப்பயணத்துக்கு அழைத்துப் போனார். அங்கே கடற்கரை ஊர்களில் வெயிலில் காயவைத்த ஒருவகைக் கருவாடு உண்டு. தம் நாட்டுப் பண்டமாயிற்றே என்று பாஸ்வெல் அதை வாங்கி ஜான்சனை வற்புறுத்தித் தின்னச் சொன்னார். ஜான்சனுக்குப் பிடிக்கவில்லை. இந்தப் பயணத்தைப் பாஸ்வெல் 1785-ல் நூலாக வெளியிட்டார். அதில் இந்த இடத்துக்குச் சேர்த்த குறிப்பில், சென்னை ஆளுநர் ஜெனரல் கேம்பெல் தமக்குச் சொன்னதாக ஒரு செய்தி வருகிறது. இதே மாதிரிக் கருவாடு கிழக்கிந்தியாவிலும் செய்கிறார்களாம், முக்கியமாகப் பம்பாயில், அங்கே அதற்குப் ‘பம்பலோ’ என்று பெயராம். பம்பாய்க் கருவாட்டுக்குச் சென்னை ஆளுநர் சாட்சி!

பிறகு வரிசையாக வருகிறார்கள். பம்பாயில் நெடுங்காலம் கம்பெனி வேலையில் இருந்த ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் 1813-ல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் இந்த மீனின் சத்தைப் புகழ்கிறார். 1809-ல் பம்பாய் வந்த மரியா கிரகாம் என்ற அம்மையார் இதைக் காலை உணவில் கிச்சடியோடு சேர்த்துச் சாப்பிடுவதைக் குறித்து வைத்திருக்கிறார். ஆக, ஃபிரையர் காலத்து ஏழைச் சாப்பாடு நூற்றைம்பது ஆண்டுக்குள் துரைமார் வீட்டுக் காலை மேசைக்கு வந்துவிட்டது.

எழுத்துக்கூட்டல் மட்டும் ஆளுக்கு ஒரு விதம். பம்பெலோ, பம்பலோ, பம்மெலோ, பம்மலோ என்று காதில் விழுந்தபடி எழுதினார்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது மராத்திப் ‘போம்பில்’தான் என்பது கொஞ்சம் உரக்கச் சொல்லிப் பார்த்தாலே தெரியும். மோல்ஸ்வொர்த் 1831-ல் தொகுத்த மராத்தி அகராதியிலும் அந்தச் சொல் இருக்கிறது.

இதற்கிடையில் கல்கத்தாப் பக்கம் வேறொரு வேலை நடந்தது. பிரான்சிஸ் புக்கனன் என்ற மருத்துவரை நம்மவர்களில் சிலர் அறிந்திருக்கலாம். திப்பு வீழ்ந்த பிறகு 1800-ல் சென்னையிலிருந்து கிளம்பி மைசூர், கோயம்புத்தூர், மலபார் எல்லாம் சுற்றி ஊர் ஊராக விவரம் எழுதியவர். பிறகு வங்காளத்தில் பணியாற்றிய அவர், கங்கை மீன்களைப் பற்றி ஒரு நூல் எழுதி 1822-ல் வெளியிட்டார். அதில்தான் இந்த மீனுக்கு ‘நெஹெரியஸ்’ என்ற அறிவியல் பெயர் வைத்தார். வங்காளத்தில் தாம் கேட்ட ‘நெஹாரே’ என்ற பெயரை அப்படியே லத்தீனாக்கிக்கொண்டார். பம்பாய் மீன் என்று உலகம் சொல்லும் மீனுக்கு அறிவியல் ஏட்டில் வங்காளப் பெயர்!

ரயில் கதை ஏன் நிற்காது

இப்போது என் மேடைக் கதைக்கு வருவோம். இதை நான் மட்டும் சொல்லவில்லை. பத்திரிகைகளில் வந்திருக்கிறது, ஹோட்டல் உணவு அட்டைகளில்கூட அச்சடித்திருக்கிறார்கள். ஆனால் மூன்று இடத்தில் இடிக்கிறது.

முதலாவது, ஆண்டுக் கணக்கு. பம்பாயில் முதல் பயணிகள் ரயில் போரி பந்தரிலிருந்து தாணேக்கு ஓடியது 16.4.1853 அன்று. வெறும் 34 கிலோமீட்டர். பம்பாயிலிருந்து கல்கத்தா வரை இருப்புப்பாதை இணைந்தது 1870-ல்தான். ஆனால் 1829-லேயே லண்டனில் புனைபெயரில் எழுதிய ஒருவர் இந்த மீனுக்குப் ‘பாம்பே டக்’ என்ற பட்டப்பெயர் இருப்பதை எழுதிவிட்டார். முதல் ரயிலுக்கு இருபத்துநாலு வருஷம் முன்னால்! பிள்ளை பிறக்கும் முன்னே பேரனுக்குக் காதுகுத்திய கதைதான்.

இரண்டாவது, உச்சரிப்பு. தபாலைக் குறிக்கும் ‘டாக்’ என்ற சொல் ஆங்கிலேயருக்குப் புதிதல்ல. ரயிலுக்கு முன்பே அஞ்சல் ஓட்டக்காரர்களும் தபால் சாவடிகளும் டாக் பங்களாக்களும் இருந்தன. அந்தச் சொல்லை அவர்கள் நெட்டெழுத்தாக, ‘டாக்’ என்றும் ‘டோக்’ என்றும் ஒலிக்கும்படி எழுதி, அப்படியே பேசினார்கள். நாள்தோறும் வாயில் புழங்கிய ஒரு சொல்லை, இந்த ஒரு மீன் விஷயத்தில் மட்டும் ‘டக்’ என்று குறுக்கிக்கொண்டார்கள் என்றால் நம்பும்படியாக இல்லை.

மூன்றாவது, சரக்கு. கல்கத்தாக்காரர்களுக்கு இந்த மீன் அவர்கள் கடலிலேயே கிடைக்கிறது. புக்கனன் அதை அங்கேதானே பார்த்தார்! பம்பாயிலிருந்து போம்பிலைக் கல்கத்தாவுக்கு ஏற்றி அனுப்பிப் பெயர் வாங்கியதாகச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போன கதை.

இதற்குப் பிறகும் அந்தக் கதை ஏன் இவ்வளவு பிடித்துப்போகிறது என்று யோசித்தேன். அதில் ரயில் இருக்கிறது, நாற்றம் இருக்கிறது, வெள்ளைக்காரனின் தப்பு உச்சரிப்பு இருக்கிறது. கேட்டவுடன் சிரிப்பு வருகிறது. அடுத்தவரிடம் சொல்லத் தோன்றுகிறது. நானும் அப்படித்தான் சொன்னேன். ஆண்டு பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லை. தோன்றியது ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்கு.

அப்படியானால் வாத்து எங்கிருந்து வந்தது?

இதற்கும் சில பதில்கள் சொல்கிறார்கள். கடைத்தெருவில் மீன் விற்பவர்கள் ‘போம்பில் டாக்’ என்று கூவியது வெள்ளையர் காதில் அப்படி விழுந்தது என்பது ஒன்று. இந்த மீன் நீர்மட்டத்தில் வாத்து மாதிரி மிதந்து நீந்தும் என்பது மற்றொன்று. இரண்டுமே ஊகம்தான். எனக்குப் பொருத்தமாகப் படுவது மூன்றாவது விளக்கம். அது வெறும் கேலி.

ஆங்கிலேயரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஏழைச் சாப்பாட்டுக்குப் பணக்காரச் சாப்பாட்டின் பெயரை வைத்து, முன்னால் ஓர் ஊர்ப் பெயரையும் சேர்த்துக் கிண்டல் செய்வார்கள். பிரான்சிஸ் குரோஸ் என்பவர் 1785-ல் கொச்சைச் சொற்களுக்கென்றே ஓர் அகராதி போட்டார். அதைப் புரட்டினால் இந்த ரகம் வரிசையாக வரும். ‘யார்மத் சேவல்’ என்றால் சேவல் இல்லை, புகைபோட்ட ஹெர்ரிங் மீன். யார்மத் அந்த மீனுக்குப் பேர்போன துறைமுகம். ‘வெல்ஷ் முயல்’ என்றால் ரொட்டிமேல் பாலாடைக்கட்டியை உருக்கிப் போட்டது. வேல்ஸ்காரனுக்கு முயல் வாங்க வக்கில்லை, ரொட்டிதான் அவனுக்கு முயல் என்று குத்தல். ‘ஜெர்மன் வாத்து’ என்றுகூட ஒன்று உண்டு. பாதி ஆட்டுத்தலையை வெங்காயம் போட்டு வேகவைத்தது அது! அமெரிக்காவுக்குப் போனவர்களும் இந்தப் பழக்கத்தை விடவில்லை. ஹட்சன் ஆற்றில் மலிந்து கிடந்த ஸ்டர்ஜன் மீனை ‘ஆல்பனி மாட்டிறைச்சி’ என்றார்கள். நம் ஊரில் நிலக்கடலையை ‘ஏழைகளின் பாதாம்’ என்பதில்லையா, அதேதான், கொஞ்சம் குசும்பு கூட.

இந்த வரிசையில் ‘பாம்பே டக்’கை வைத்துப் பாருங்கள். முன்னால் ஊர்ப் பெயர், பின்னால் உயர்ந்த இறைச்சி, உள்ளே மலிவான மீன். அச்சு ஒன்றுதான். ரயிலும் வேண்டாம், தபாலும் வேண்டாம். ஃபிரையர் சொன்ன ‘ஏழைகளின் உணவு’ என்ற அடைமொழிதான் இங்கே வாத்தாக வேஷம் போட்டு வருகிறது.

டக்குகள், மல்கள், குய்-ஹைகள்

இந்த இடத்தில் நம் கதையும் வந்து சேர்கிறது. ஆங்கிலோ-இந்தியச் சொற்களுக்கு ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்ற பெரிய அகராதி 1886-ல் வெளிவந்தது. தொகுத்தவர்கள் ஹென்றி யூல், ஏ.சி.பர்னெல் என்ற இருவர். இதில் பர்னெல் நம் பக்கத்து ஆள். சென்னை மாகாணத்தில் பணியாற்றித் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தஞ்சை அரண்மனையின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். அகராதி அச்சாகி வருவதைப் பார்க்காமலே 1882-ல் காலமாகிவிட்டார்.

அந்த அகராதி ஒரு சுவையான செய்தி தருகிறது. மூன்று மாகாணத்து ஆங்கிலேயர்களும் ஒருவரை ஒருவர் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டுக்கொண்டார்கள். வங்காளத்தில் இருந்தவர்கள் ‘குய்-ஹை’கள். எதற்கெடுத்தாலும் ‘கோயி ஹை’ (யாரங்கே) என்று வேலைக்காரரைக் கூப்பிட்டதால் வந்த பெயர். பம்பாயில் இருந்தவர்கள் ‘டக்’குகள். சென்னையில் இருந்தவர்கள் ‘மல்’கள். இது என்ன ‘மல்’? நம்முடைய மிளகுத்தண்ணிதான்! மிளகுத்தண்ணி ‘மல்லிகடானி’ ஆகி, 1784-லேயே ஆங்கிலத்தில் பதிவாகி, பிறகு வால் அறுந்து ‘மல்’ ஆனது. நம் பாட்டிகள் சளிக்கு வைத்துக்கொடுத்த ரசம் ஒரு மாகாணத்து துரைமார் அத்தனை பேருக்கும் பட்டப்பெயர் ஆயிற்று.

பின்னாளில் பம்பாய் ஆளுநரான மவுண்ட்ஸ்டுவர்ட் எல்ஃபின்ஸ்டன் 1803-ல் எழுதிய ஒன்றில் பம்பாய்ப் படைக்காரரை ‘டக்குகள்’ என்று குறிக்கிறார். சோற்றுக்கும் வசதிக்கும் எந்தப் படை எப்படி என்று ஒப்பிடும் இடம் அது. மீன் பெயரிலிருந்தே ஆட்களின் பட்டப்பெயர் வந்தது என்பது ஹாப்சன்-ஜாப்சனின் கருத்து. அது சரியென்றால், மீனுக்கு ‘டக்’ என்ற கேலிப்பெயர் 1803-க்கும் முந்தியதாகிறது. முதல் ரயிலுக்கு ஐம்பது ஆண்டு முன்னால்!

கருவாடு மீனான கதை

ஹாப்சன்-ஜாப்சன் காலத்தில் இரண்டு பெயருக்கும் ஒரு வேறுபாடு இருந்தது. பச்சை மீன் ‘பம்மலோ’. காய்ந்தால் அது ‘பாம்பே டக்’. வறுத்த பச்சை மீனின் ருசியைச் சொல்லிவிட்டு, காய்ந்ததுதான் புகழ்பெற்ற பாம்பே டக் என்று அகராதி பிரித்துக் காட்டுகிறது. இங்கிலாந்துக்குக் கப்பலில் போனது காய்ந்ததுதான். குழம்புச் சோற்றின்மேல் பொடித்துத் தூவிக்கொள்ளும் பண்டமாக அது அங்கே பழக்கமாயிற்று. பம்மலோ என்ற பச்சை மீனை அங்கே இருந்தவர்கள் பார்த்ததே இல்லை. பார்க்காத பொருளின் பெயர் எத்தனை நாள் நாக்கில் நிற்கும்? மெல்ல மெல்லப் ‘பாம்பே டக்’ என்பதே இரண்டுக்கும் பெயராகிவிட்டது. இன்று கொலாபா ஹோட்டலில் பச்சை மீனை வறுத்துக் கொடுத்தாலும் அட்டையில் பாம்பே டக் என்றுதான் போடுகிறான்.

‘கருவாடு மீனாகாது’ என்பது நம் பழமொழி. பெயர் விஷயத்தில் கருவாடு மீனாகிவிட்டது.

இதில் இன்னொரு திருப்பமும் உண்டு. 1997-ல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியாவிலிருந்து வரும் கடல் உணவுக்குக் கட்டுப்பாடு போட்டது. அங்கீகாரம் பெற்ற உறைபதனத் தொழிற்சாலைகளிலும் தகர அடைப்புத் தொழிற்சாலைகளிலும் தயாரானால்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். போம்பில் எந்தத் தொழிற்சாலையில் தயாராகிறது? கடற்கரையில், கயிற்றில், வெயிலில் அல்லவா? கதவு மூடிக்கொண்டது. பிரிட்டனில் இதைத் தின்று பழகியவர்கள் சும்மா இருக்கவில்லை. எங்கள் பாம்பே டக்கைத் திருப்பிக் கொடு என்று இயக்கமே நடத்தினார்கள். இந்தியத் தூதரகமும் பேசியது. கடைசியில், திறந்த வெளியில் காயவைக்கலாம், ஆனால் பொட்டலம் போடுவது மட்டும் அங்கீகாரம் பெற்ற இடத்தில் நடக்கவேண்டும் என்று விதியைத் தளர்த்தினார்கள். சட்டம்கூட அந்த மூங்கில் கொடிக்கு வழிவிட வேண்டியதாயிற்று.

பெயர் யாருடையது?

இவ்வளவும் படித்த பிறகு ஒருநாள் சயான் சந்தையில் வழக்கமாக மீன் வாங்கும் கோலி அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். “மௌஷி, இதுக்கு இங்கிலீஷ்ல வாத்துன்னு பேரு, தெரியுமா?” என்று என் அரைகுறை மராத்தியில் கேட்டேன். அவர் கத்தியை நிறுத்தாமல், “ஹே போம்பில் ஆஹேத், பதக் நாஹி” என்றார். இது போம்பில், வாத்து இல்லை. அவ்வளவுதான். நான் நூலகத்தில் தேடியதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. ஃபிரையர் 1673-ல் மஜகாவில் கேட்டதும் இதே சொல்தான். முந்நூற்றைம்பது ஆண்டாக அவர்கள் வாயில் அது மாறவே இல்லை.

நாம் இருக்கும் இந்த ஊரின் பெயரும் கோலிகள் கும்பிடும் மும்பாதேவியின் பெயர்தான். 1995-ல் பம்பாய் அதிகாரபூர்வமாக மும்பை ஆயிற்று. மறுவருஷம் மெட்ராஸ் சென்னை ஆயிற்று. ஆனால் மீன் மட்டும் இன்னும் பாம்பே டக்தான். நம்மில் பலர் குடியிருக்கும் சயான் கோலிவாடாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கோலிவாடா என்றால் கோலிகளின் குடியிருப்பு. ஒரு காலத்தில் ரயில் நிலையத்துக்கும் அதுதான் பெயர், பிறகு குரு தேக் பகதூர் நகர் ஆகிவிட்டது. தெருவில் தமிழும் பஞ்சாபியும் கேட்கிறது. பெயரைத் தந்தவர்களின் பேச்சு எவ்வளவு கேட்கிறது?

பிழைக்க வந்த நமக்கு இது புரியாத விஷயம் அல்ல. நாம் திருநெல்வேலி, சேலம், வேலூர் என்று ஊர் சொல்லிக்கொண்டு வந்தோம். இங்கே எல்லோருக்கும் சேர்த்து ‘மதராஸி’ என்று ஒரே பெயர் கிடைத்தது. கேரளத்துக்காரரும் கன்னடக்காரரும் ஆந்திராக்காரரும்கூட அதற்குள் அடக்கம். அடுத்தவர் கிண்டலாக வைத்த பெயர் சில சமயம் அப்படியே ஒட்டிக்கொள்கிறது. காலம் போகப்போகக் கிண்டல் மறந்துவிடும், பெயர் மட்டும் நிற்கும். அப்புறம் அதற்கு யாராவது ரயில் கதை மாதிரி ஒரு கதை கட்டுவார்கள். அந்தக் கதை சுவையாக இருக்கும். ஆனால் அதில் மஜகாவின் ஏழைகள் இருக்க மாட்டார்கள், மூங்கிலில் மீன் கோத்த பெண்கள் இருக்க மாட்டார்கள். அவர்கள் இருந்த இடத்தில் ஒரு தபால் வண்டி ஓடிக்கொண்டிருக்கும். என் தப்பில் என்னை உறுத்தியது இதுதான். ஆண்டு தப்பியதுகூடப் பெரிதில்லை. சொந்தக்காரர்களைக் கதையிலிருந்து இறக்கிவிட்டேனே!

‘பம்மலோ’ என்ற சொல்லில் அவர்கள் இருக்கிறார்கள். வெள்ளைக்காரன் நாக்கில் கொஞ்சம் கோணலாகிப் போனாலும், அது அந்த மக்கள் தங்கள் மீனுக்கு வைத்த பெயர். ஆங்கிலத்தில் இன்று அருகிப்போன சொல் என்றாலும் அகராதியில் ஒரு மூலையில் இருந்துகொண்டு, இந்த மீனை முதலில் யார் பிடித்தார்கள், யார் தின்றார்கள் என்பதற்குச் சாட்சி சொல்கிறது. மிளகுத்தண்ணி ‘மல்லிகடானி’க்குள் ஒளிந்துகொண்டு நம்மைப் பற்றிச் சொல்லவில்லையா, அதுபோல.

அடுத்த பொங்கலுக்கும் வினாடி வினா உண்டு. கேள்வியை இப்போதே மாற்றி எழுதி வைத்திருக்கிறேன்: “போம்பில் என்ற மீனை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வார்கள்?” பாம்பே டக் என்று சொன்னால் ஐந்து மதிப்பெண். பம்மலோ என்று சொன்னால் பத்து. ரயில் கதை சொன்னால், என் கையாலேயே ஐந்து குறைப்பேன்.